விடிவெள்ளி ஏறிய கோடு

தை மாதத்தில் கந்தப்பளைப் பக்கத்து வானம் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் அங்கே வானம் என்று ஒன்று இருப்பதே சந்தேகம்தான். மழையும் மூட்டமும் முறை வைத்துக்கொண்டு வந்து, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரையில் உட்காரும். அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களிடம் தை மாத வானத்தைப் பற்றிக் கேளுங்கள், நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். பனியைத்தான் சொல்வார்கள். வானம் தெளிந்தால் பனி இறங்கும். விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும், வெயில் ஏறியதும் கருகிப்போகும். தேயிலைக் கொழுந்துக்கும் அதே கதிதான்.

ஆகவே தெளிந்த வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் அந்தத் தோட்டத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் செல்லசாமி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பனியிடமிருந்து தேயிலைக் கன்றுகளைக் காப்பாற்றுவதற்காகத் தோட்டம் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததும் அவனைத்தான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

கன்று வளர்க்கும் நாற்றுமேடையைத் தோட்டத்தில் தவறணை என்பார்கள். மலைச்சரிவின் அடியில், ஓடைக்கு மேலே எட்டு நீளப் பாத்திகள். நாற்பத்தெட்டாம் வருடம், பத்தொன்பது வயதில், செல்லசாமி அங்கே மண் சலிக்கும் வேலைக்குப் போனான். பிறகு தண்ணீர் ஊற்றும் வேலை, பிறகு இரவுக் காவல். பனிக்காலத்தில் ஒரு கம்பத்தில் வெப்பமானி தொங்கும். அதில் தோட்டத்தை நடத்தும் துரை சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார். ரசம் அந்தக் கோட்டுக்கு இறங்கிவிட்டால், தவறணையைச் சுற்றி ஈரச் சருகு போட்டுக் குவித்திருக்கும் பன்னிரண்டு குவியலுக்கும் நெருப்பு வைக்க வேண்டும். புகை எழுந்து பாத்திகளுக்கு மேலே போர்வைபோல் நின்றால் கன்று பிழைக்கும். வேலை அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருக்கலாம்.

பார்க்கப் பார்க்க அவனுக்கு அது பித்தாகிவிட்டது. கார்த்திகையின் ஆறு மீன் எந்த மரத்துக்குப் பின்னால் இறங்கும், கேட்டை எந்தப் பாறைக்கு மேலே சிவப்பாக எட்டிப் பார்க்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மனைவி மீனம்மா கேலி செய்வாள். வீட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மனிதருக்கு ஆகாயத்துச் சாமான் கணக்கு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ என்பாள்.

கேமரா வந்தது பைஸர் நானாவால். அவர் நுவரெலியா பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஐம்பதாம் வருடம் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குப் படம் தேவைப்பட, தோட்டம் தோட்டமாக அவர் அலைந்தபோது, லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் ஆளை நிறுத்திப் படம் பிடிப்பார். செல்லசாமியைப் படம் பிடித்த அன்று, அவன் லென்சைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று. நானா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தொடங்கிய சிநேகம் கடைசிவரை நின்றது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போனால் செல்லசாமிக்கு அங்கே ஒரு ஸ்டூலும் சாரா உம்மா கையால் பால் விடாத ஒரு இஞ்சிப் பிளேன்டீயும் நிச்சயம். சாரா உம்மா நானாவின் மனைவி.

ஒருநாள் நானா ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் காட்டினார். அதிலிருந்த படத்தில் நட்சத்திரமெல்லாம் வட்டம் வட்டமாகக் கோடு இழுத்திருந்தன. ஷட்டரை மூடாமல் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால், நட்சத்திரம் நடந்த தடம் பிலிமில் விழும் என்றார். செல்லசாமி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். தான் பத்து வருடமாகக் கண்ணால் பார்த்த நடையைக் காகிதத்தில் பிடித்து வைக்கலாம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. நானா பழைய மடிப்புக் கேமரா ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் தோல் மடிப்பில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

ஆசைப்பட்டதும் கிடைத்துவிடுமா? முதல் பனிக்காலத்தில் லென்சில் பனித்துளி கட்டி, படம் பால் கொட்டினதுபோல் வெளுத்து வந்தது. அடுத்த வருடம் ஒரு தகர டப்பியில் சுடுசாம்பலைப் போட்டு லென்சுக்கு அடியில் கட்டினான். துளி கட்டவில்லை. ஆனால் காட்டுப்பன்றி ஒன்று முக்காலியைத் தள்ளிவிட்டுப் போயிற்று. மூன்றாம் வருடம் எல்லாம் சரியாக அமைந்த ராத்திரியில், தூங்குகிறானா என்று பார்க்க வந்த கண்டாக்கையா டார்ச்சை நேரே லென்சிலேயே அடித்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் அவருக்கு இந்தக் கேமரா விஷயம் துரைவரை கொண்டுபோகத் தேவையில்லாத ஒரு விளையாட்டு. கிறுக்கன் என்று சொல்லிவிட்டுப் போவார்.

அறுபத்து மூன்றாம் வருடத் தை வந்தது. அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள். பிறை பத்து மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. காற்று அசையவில்லை. அன்று சாயங்காலம் பாத்திகளை மூடியவள் வேலாயி. புருஷன் செத்து நாலு வருடம், இரண்டு பெண்பிள்ளைகள், லயத்தில் செல்லசாமியின் காம்பிராவுக்கு இரண்டு அறை தள்ளிக் குடியிருப்பு. அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று அன்று கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினாள். ஆனால் மூங்கிலில் பெரணி இலை வைத்துக் கட்டிய தட்டிகளை எட்டுப் பாத்திக்கும் போட்டு மூடிவிட்டுத்தான் போனாள். செல்லசாமி அதைத் தன் கண்ணால் பார்த்தான்.

ஒன்றரை மணிக்குக் கேமராவைக் கிழக்கே திருப்பி, ஷட்டரைத் திறந்து வைத்தான். கீழே தவறணை, நடுவில் இரட்டைப் பாறை நிற்கிற மலை முகடு, மேலே முழுக்க ஆகாயம். இரண்டரைக்கு லாந்தரை எடுத்துக்கொண்டு வெப்பமானியைப் பார்க்கப் போனான். ரசம் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

நெருப்பு வைக்க வேண்டும். வைத்தால் புகை எழும், படம் போய்விடும். அவன் அங்கேயே நின்று யோசித்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் விடிவெள்ளி வரும். அந்த வருடம் அது வழக்கத்தைவிடப் பெரிதாக, கையில் எடுத்துவிடலாம் போல எரிந்துகொண்டிருந்தது. அது முகட்டைத் தாண்டி ஏறும் கோடு மட்டும் விழுந்துவிட்டால் போதும். தட்டி மூடித்தானே இருக்கிறது, கொஞ்ச நேரம் தாங்காதா? ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பயமும் அறியாது போலிருக்கிறது. செல்லசாமி லாந்தரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

மூன்றே முக்காலுக்கு வெள்ளி இரட்டைப் பாறைக்குப் பக்கத்தில் முளைத்தது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான் என்று பிற்பாடு அவனே சொல்லியிருக்கிறான். அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வான்.

நாலரைக்கு ஷட்டரை மூடிவிட்டு ஓடிப்போய் நெருப்பு வைத்தான். ஓடைப்பக்கத்துக் கடைசி இரண்டு பாத்திகள் பள்ளத்தில் இருப்பவை, குளிர் வந்து தேங்குகிற இடம். அங்கே தட்டியின் மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. பதறிப்போய்த் தட்டிகளைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தண்ணீர் தெளித்தான். ஆன மட்டும் தெளித்தான். இலைகள் அதற்குள் கண்ணாடியாகிவிட்டிருந்தன.

விடிந்ததும் கண்டாக்கையா வந்தார். ஆறு பாத்தி பச்சையாக இருந்தது, இரண்டு கறுத்துக் கிடந்தது. கறுத்த இரண்டின் மேலும் தட்டி இல்லை, ஓரத்தில் கிடந்தது. அவர் முதலில் செல்லசாமியிடம் கேட்டார்.

"நேரத்துக்கு நெருப்பு வச்சியா?"

"வச்சேங்க," என்றான் செல்லசாமி.

ஒரே ஒரு வார்த்தைதான். அது வாயிலிருந்து விழுந்த பிறகு மற்றதெல்லாம் தானாகவே நடந்தது. நெருப்பு நேரத்துக்கு வைத்தாயிற்று, ஆறு பாத்தி பிழைத்திருக்கிறது. அப்படியானால் மீதி இரண்டை வேலாயி மூடாமலே போயிருக்கிறாள், நேற்று முன்னதாகக் கிளம்பியதும் அவள்தானே என்று கண்டாக்கையா முடிவு கட்டினார். வேலாயி அழுது சொல்லிப் பார்த்தாள். மூடினேன், பிள்ளைகள் மேல் சத்தியம் என்றாள். கொழும்புக்குப் போயிருந்த துரை திங்கட்கிழமை வருவார், வந்ததும் பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று கண்டாக்கையா சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலை மட்டுமல்ல, குடியிருக்கும் காம்பிராவும் போய்விடும். இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் எந்தத் தோட்டத்தில் போய் நிற்பாள்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் இருந்த இடம் கம்பளிக்குள் கேமராவை ஒளித்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தது. சொன்னால் கேமராவைப் பிடுங்கிவிடுவார்கள், உள்ளே இருக்கும் பிலிம் வெளிச்சம் பட்டு அழிந்துபோகும் என்று அவனுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், படம் வந்துவிடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை வாங்கினான். அந்த நாட்களில் மீனம்மா இரண்டு தடவை வேலாயிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். செல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை. பனிக்காய்ச்சல் என்று மீனம்மாவிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை நானாவின் இருட்டறையில், சிவப்பு விளக்கின் அடியில், தட்டிலிருந்த காகிதத்தில் படம் மெல்லத் தெரியத் தொடங்கியது. முதலில் மலை முகடு. அப்புறம் கோடுகள். பத்திரிகையில் பார்த்ததுபோல் வட்டம் அல்ல. துருவ நட்சத்திரம் நம் பக்கத்தில் மலைக்குப் பின்னால் கிடப்பது, அதைச் சுற்றுகிற வட்டத்தைக் கந்தப்பளையில் எங்கே தேடுவது? இங்கே கோடுகள் நடுவில் நேராக ஏறி, இரண்டு ஓரத்திலும் விலகிச் சரிந்தன. அடியில் இறுக்கிக் கட்டிய மானாப்புல் கட்டு மேலே விரிவதுபோல இருந்தது. அத்தனைக்கும் நடுவே, இரட்டைப் பாறையின் தோளிலிருந்து, தடித்து வெளுத்த ஒற்றைக் கோடு நாலு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது.

நானா படத்தை விளக்குக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தார். பிறகு, தான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்து இப்படி ஒன்று எடுக்கவில்லை என்றார். அவரே பெரிதாக்கி இன்னொரு பிரதியும் போட்டார். அப்போதுதான் செல்லசாமி படத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தான். இரண்டரை மணிக்கு லாந்தரோடு நடந்தபோது அந்த வெளிச்சம் கடைசிப் பாத்திகளின் மேல் விழுந்திருந்தது. தட்டிகள் மூடிக் கிடந்தன. மேலே வெள்ளி ஏறியிருந்தது. புகை ஒரு இழைகூட இல்லை.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நானா அவனைத் திட்டவில்லை. ஈரம் காய்ந்த படத்தை ஒரு உறையில் போட்டுக் கையில் கொடுத்து, "இத எங்கிட்ட காட்டி என்ன செய்ய? காட்ட வேண்டிய எடத்துல காட்டு," என்றார்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில், ஆளைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தத் திடலில், எல்லாரும் கூடியிருந்தார்கள். துரை வந்து நின்றார். கண்டாக்கையா வேலாயியின் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் செல்லசாமி முன்னால் போய் உறையை நீட்டினான். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிவிட்டது போலிருந்தது அவனுக்கு. துரை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. கண்டாக்கையா எட்டிப் பார்த்து, எங்கேயோ கீறல் விழுந்த பிலிமைக் கொண்டுவந்து நேரத்தைக் கெடுக்கிறான் என்றார்.

கூடையோடு பக்கத்தில் நின்ற பேச்சியம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கொழுந்தெடுக்கிறவள், தினமும் வெள்ளியைப் பார்த்து எழுந்து அடுப்பு மூட்டுகிறவள்.

"இது நம்ம ரெட்டப்பாறல்ல? இந்தா வெள்ளி மொளச்சு இம்புட்டு ஒசரம் வந்திருக்கு. அந்நேரத்துக்குப் பொக இருக்கணுமே, பொக எங்க?"

செல்லசாமி துரையைப் பார்க்கவில்லை. வேலாயியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்.

"பொக இல்லங்க. நான் நெருப்பு வைக்கல. இந்தப் படம் கெட்டுப்போயிரும்னு வைக்காம இருந்தேன். வேலாயி எட்டுப் பாத்தியும் மூடிட்டுத்தான் போச்சு. தட்டியப் பிச்சுப் போட்டது நான்."

கண்டாக்கையா அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார், சொல்லும்போது அவர் குரலே இறங்கிப்போயிருந்தது. துரை படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேலாயிக்குப் பத்துச்சீட்டு இல்லை, அவள் தன் வேலையைப் பார்க்கலாம் என்றார். செல்லசாமிக்குக் காவல் வேலை இனிமேல் கிடையாது, கான் என்கிற வடிகால் வெட்டும் கூட்டத்தோடு போக வேண்டும், தோட்டத்துக்குள் கேமரா கண்ணில் படக்கூடாது. பதினைந்து வருட வேலையை நினைத்து அதோடு விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். வேலாயி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வாள் என்று செல்லசாமி எதிர்பார்த்தானோ என்னவோ. அன்று சாயங்காலம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள். படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"அழகாத்தான் இருக்கு. ஆனா நாலு நாளு அண்ணே. எம்புள்ளைக மேல சத்தியம் பண்ண வச்சீங்க. ஒங்களுக்கு வாய் இருந்துச்சுல்ல? இந்தப் படம் வர்ற வரைக்கும் அத ஏன் மூடி வச்சீங்க?"

கான் வெட்டும் வேலை அவனைக் கஷ்டப்படுத்தவில்லை. கேமராவை நானாவிடமே திருப்பிக் கொடுத்ததும் பெரிய கஷ்டமில்லை. அந்தக் கேள்விதான் முதுகில் கூடையாகத் தொங்கியது. வேலாயி பேச்சை முறிக்கவில்லை, வழியில் கண்டால் அண்ணே என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. படத்தை அவன் பெட்டிக்குள், வேட்டிக்கு அடியில், முகம் குப்புற வைத்தான்.

அந்த வருடத் தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க மீனம்மா அவனையும் வற்புறுத்தி வேலாயி காம்பிராவுக்கு இழுத்துப் போனாள். வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தவன் நிமிர்ந்ததும் திடுக்கிட்டான். புகை படிந்த சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அதே படம் தொங்கியது. ஸ்டூடியோவில் இருந்த பெரிய பிரதியை வேலாயி தானே போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். பைஸர் நானா அவனிடம் மூச்சுவிடவில்லை.

அவன் பார்க்கமாட்டாமல், அதை இறக்கிவிடச் சொன்னான். தன் வெட்கத்தை ஊரெல்லாம் பார்க்கத் தொங்கவிட வேண்டுமா என்று கேட்டான்.

வேலாயி பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இத ஒங்க படம்னு நெனச்சா மாட்டி வச்சிருக்கேன்? மேல இருக்க கோட்ட நான் பாக்குறதே இல்ல அண்ணே. கீழ பாருங்க. அது என் தட்டி."

செல்லசாமி கிட்டப் போய்ப் பார்த்தான். லாந்தர் வெளிச்சம் பட்ட அந்த மூலையில் தட்டிகளின் விளிம்பு தெரிந்தது. ஒவ்வொரு முனையிலும் வாழைநார் போட்டுக் கட்டிய முடிச்சு தெரிந்தது. காற்றில் தூக்கிவிடக் கூடாதென்று, ஒன்று விடாமல், இரட்டை முடிச்சாகவே போட்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் போட்ட முடிச்சுகள். குப்புற வைத்த பிறகும் அவன் அந்தப் படத்தை எடுத்து நூறு தடவையாவது பார்த்திருப்பான். இந்த முடிச்சுகள் அவன் கண்ணில் பட்டதே இல்லை.

அவனுக்கு அழுகை வந்தது. மீனம்மா முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் அவன் அதை மறைக்கவில்லை. படம் இறங்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னான். வேலாயி அவனுக்கு ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்து, உட்காரச் சொன்னாள்.